இடது கால்

முதல் மலையின் கடைசிப் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தோம். கீழே எங்கள் வேன் தெரிந்தது.

வெள்ளியங்கிரியில் ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்கும்போதுதான் முழங்கால் நடுங்கும். மூங்கில் தடியை ஊன்றி ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டே வந்தேன்.

எனக்கு முன்னால் அண்ணன் மகுடேஸ்வரன். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். தை மாதம் ரத்த வாந்தி எடுத்தார். இனி குடித்தால் ஈரல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மலைக்காக நாற்பது நாள் விரதம் இருந்தார். ஒரு சொட்டு தொடவில்லை.

கடைசிப் படியோடு விரதம் முடிந்தது என்பது எங்கள் கம்பெனி ஆட்களின் வழக்கம். அதற்காகவே ஒவ்வொரு பங்குனியிலும் வேனில் ஓர் ஐஸ் பெட்டி வரும்.

டிரைவர் ஆறுச்சாமி கீழிருந்து கத்தினார். "மாஸ்டர், வெரசா வாங்க! ஐஸெல்லாம் கரையுதுங்கோ!"

அண்ணன் சிரித்தார். தடியை ஊன்றாமல் இரண்டு படிகளை ஒன்றாகத் தாண்டினார்.

இன்னும் முப்பத்தாறு படிகள்.

அண்ணி கெஞ்சியே கேட்காதவர். நான் என்ன சொல்லிவிட முடியும்? எனக்குப் பேச வராது.

அப்போதுதான் விழுந்தேன்.

அண்ணன் மேலே ஓடிவந்தார். என் இடது கணுக்காலைத் தொட்டார். அலறினேன். என்னை முதுகில் ஏற்றிக்கொண்டார்.

முப்பத்தாறு படிகளிலும் அவர் கால் ஒருமுறைகூட நடுங்கவில்லை.

வேனுக்குள் எல்லோரும் டம்ளரோடு காத்திருந்தார்கள். அவர் நிற்கவில்லை. என்னைச் சுமந்தபடியே பஸ்ஸுக்கு நடந்தார்.

அதற்குப் பிறகு முப்பத்தொன்பது நாட்கள் ஆகின்றன. நாள்தோறும் குறித்துவைக்கிறேன்.

மாலை ஆறரைக்கு ஒயின்ஷாப்பில் கூட்டம் சேரும். அதே ஆறரைக்குத்தான் எனக்குத் தட்டச்சு வகுப்பு. நடக்க முடியாத தம்பியை அண்ணன் தன் வண்டியில் கொண்டுவந்து விடுகிறார். வகுப்பு முடியும்வரை வாசலிலேயே காத்திருக்கிறார்.

இன்றும் இறங்கி, நொண்டியபடி வாசலை நோக்கி நடந்தேன்.

பின்னாலிருந்து கூப்பிட்டார். மற்ற மாணவர்களுக்குக் கேட்காத குரலில்.

"கண்ணு... அடிபட்டது எடது காலு."

திரும்பினேன். ஹேண்டில்பாரை இறுகப் பிடித்திருந்தார். அப்படியும் விரல்கள் நடுங்கின.

காலை மாற்றிக்கொண்டு உள்ளே போனேன்.