அப்பாத்துரை சாரின் இரங்கற்பா

சன்னல் வழியே வரும் சாயங்கால வெயில் சவப்பெட்டியின் வார்னீஷ்மேல் மினுங்குகிறது. கால்மாட்டு நாற்காலியில் இன்பமணி உட்கார்ந்திருக்கிறாள். மூடி போடுமுன் புருஷன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. ஆனால் அந்த முகத்தை மறைத்துக்கொண்டு ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் அப்பாத்துரை நிற்கிறார். தான் எழுதி வந்த இரங்கற்பாவை வாசித்து முடித்துவிட்டார். இப்போது அதற்கு விளக்கவுரை நடக்கிறது. "முதல் பாதி பூரா துக்கம். 'விளக்கணைந்தது' என்றேன். திரியைப் பற்றி ஏன் ஒண்ணும் சொல்லலை? யோசிக்கணும்." மின்விசிறி கிரீச்சிடுகிறது. ரோஜா மாலைகள் வாடி, சென்ட் வாசனை தலைக்கேறுகிறது. வாசல் பக்கம் ஒரு குரல், "செத்தவரு குடுத்து வச்சவருவே, இதையெல்லாம் கேக்க வேண்டாம்" என்கிறது. இன்பமணி எழப் பார்க்கிறாள். நாத்தனார் ஸ்வீட்லின் தோளை அமுக்குகிறாள்: "சார் பேசுதாவல்லா மைனி, இருங்க." இருந்தும் இன்பமணி வாய்விட்டே கேட்கிறாள். "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அவுக மொகத்தப் பாக்கணும்." அப்பாத்துரை கையமர்த்துகிறார். "பொறுங்கம்மா, துக்கத்திலேயே நின்னுட்டா எப்படி? இப்பதான் நம்பிக்கையே வருது." கல்லறைத் தோட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று போதகர் கண்ணைக் காட்டுகிறார். அப்பாத்துரையின் முதுகுக்குப் பின்னால் நாலு பேர் மூடியைத் தூக்கிப் பொருத்துகிறார்கள். அவர் கடைசி வரியில் வரும் உயிர்த்தெழுதலின் விடியலை விளக்கி முடித்து விலகும்போது, திருகாணி முடுக்கும் சத்தம்தான் கேட்கிறது. இன்பமணி மூடியின்மேல் விழுந்து கதறுகிறாள். அப்பாத்துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி போதகரிடம் குனிகிறார்.

"பாத்தீங்களா ஐயரே, கடைசி வரி வேலை செய்யுது."