இரண்டு கலத்துக்கும் ஒரு விசிறி

கருங்கோளம் ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. எந்தக் காலத்தில் யார் செய்து விட்டுப்போனதோ, பகையான இரண்டு விண்கலங்களையும் இழுத்துப் பிடித்து ஒன்றாக ஒட்டிவிட்டது. அதிலிருந்து கசியும் பழுப்பு வெளிச்சத்தில் யாருக்கும் நிழல் விழவில்லை. நேற்றுவரை ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டவர்கள் தரையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, கரையில் விழுந்த மீன் மாதிரி மூச்சுக்குத் தவிக்கிறார்கள். மிச்சமிருப்பது எதிரிக் கலத்தின் காற்று இயந்திரம் ஒன்றுதான். அதுவும் மக்கர் பண்ணுகிறது. இந்தக் கலத்து மெக்கானிக் மல்லாந்து படுத்து, அதன் வயிற்றுக்குள் கையை விட்டுக் கழன்ற திருகாணியைத் தேடுகிறாள். எதிரிக் கேப்டன் குனிந்து டார்ச் பிடிக்கிறார். "இப்படிக் காட்டினா போதுமாம்மா?" என்கிறார். அவள் கை நின்றுபோகிறது. "இந்தக் குரலை ரேடியோல கேட்டிருக்கேன். 'சுடு'ன்னு சொன்னீங்க. செத்தது என் தம்பி." டார்ச் வெளிச்சம் நடுங்குகிறது. எங்கோ எண்ணெய் சொட்டுகிறது. "ஆட்டாதீங்க. கொஞ்சம் கீழ காட்டுங்க," என்கிறாள். திருகாணி இறுகுகிறது. விசிறி முனகி, இருமி, சுழலத் தொடங்குகிறது. முதல் காற்று கேப்டனின் நரைத்த முடியைக் கலைக்கிறது. அவர் விசிறியை மறைத்தபடியே நிற்கிறார். "தள்ளி நில்லுங்க," என்கிறாள், விரலில் ஒட்டிய கிரீஸைத் துடைத்தபடி. "பின்னாடி இருக்கறவங்களுக்கும் காத்து போகட்டும்."