மூன்று புள்ளி இரண்டு

கிட்டு கரும்பலகையில் 3.2 என்று எழுதிவிட்டுத் திரும்பியதும் மாட்டுங்கா ஹாலே கைதட்டியது.

என் வயிறு எரிந்தது.

தாராவித் தமிழர்களுக்கு வீட்டுக்குச் சராசரி மூன்று புள்ளி இரண்டு குழந்தைகள்தான். எழுநூறு வீட்டுக் கணக்கு, இம்மியும் பிசகாது, ஆகவே அங்கே புதுப் பிரசவ ஆஸ்பத்திரி தேவையே இல்லை என்று அடித்துச் சொன்னான். முன்வரிசைப் பெரியவர்கள் தலையாட்டினார்கள்.

நானும் அவனும் ஒரே நாளில் ஆபீசில் சேர்ந்தவர்கள். அவன் அதிகாரி ஆனான். நான் அறுபத்தாறு மே மாத வெயிலில் ஃபாரம் கட்டோடு எழுநூறு வாசல் ஏறி இறங்கினேன். பேப்பரில் அவன் படம் மட்டும் வந்தது. அடுத்த மாதம் டெல்லிக்கு வேறு போகிறான், விமானத்தில்.

ஆனால் அந்தக் கணக்கு தப்பு. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

தாராவியில் குடியேறிய எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள் அந்நியரிடம் பிள்ளைகளை எண்ணிச் சொல்ல மாட்டார்கள். கண் பட்டுவிடும். ஒன்றைக் குறைத்துத்தான் சொல்வார்கள், அதுவும் அருமைப் பிள்ளையாகப் பார்த்து மறைப்பார்கள். ஒரு வீட்டில் முப்பிடாதியம்மாள் நான்கு பிள்ளைகளை உட்கார வைத்துச் சோறு போட்டுக்கொண்டே, "மூணுன்னு போட்டுக்கிடுங்க" என்றாள். சொன்னதைத்தான் எழுத வேண்டும் என்பது கிட்டுவின் உத்தரவு. எழுதினேன்.

அன்றே அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏறட்டும், உச்சியில் நிற்கும்போது தள்ளலாம் என்று ஒரு வருஷம் காத்திருந்தேன்.

யாராவது கேள்வி கேட்கலாம் என்று தலைவர் சொன்னதும் எழுந்தேன். ஆஸ்பத்திரிக்காக எழுந்தேன் என்றால் என் நாக்கு அழுகிவிடும். அவன் முகம் கறுப்பதைப் பார்க்கத்தான் எழுந்தேன்.

எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். எங்கள் ஊர்க்காரர்கள் ஒருவர்கூட உண்மை எண்ணிக்கையைச் சொல்ல மாட்டார்கள், இந்த எழுநூறும் பொய் என்றேன்.

கிட்டுவின் முகம் கறுத்தது. அந்த ஒரு நிமிஷம் எனக்குச் சொர்க்கம்.

பிறகு நிதானமாகக் கேட்டான். "நீங்களும் தாராவிதானே, நம்பிராஜன்? அந்தப் பக்கத்துக்காரர்தானே? உங்களுக்கு எத்தனை கொழந்தேள்?"

ஹாலில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"மூணு" என்றேன்.

"போன வருஷம் ஆபீஸ் ஃபாரத்துலயும் மூணுன்னுதான் எழுதியிருந்தேள். சரியாத்தானே இருக்கு?"

சபை சிரித்தது. கைதட்டல் இந்த முறை இன்னும் பலமாக இருந்தது.

உட்கார்ந்தேன்.

வீட்டில் எனக்கு நான்கு பிள்ளைகள். மூன்று பெண்களுக்குப் பிறகு தவமிருந்து பெற்ற பையனுக்கு அந்த மாதம்தான் இரண்டு வயது முடிந்திருந்தது.