நாற்பத்தைந்து மாத்திரை

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் ஒரகடம் சாலையில் ஓடுகிற அத்தனை கன்டெய்னர் லாரியும் என்மேல் ஏறட்டும். சாகக் கிடந்த சுகப்பிரியாவை ஒரே நாளில் மூன்று பேர் தனித்தனியாகக் காப்பாற்றினார்கள்.

“என் மோருதான் நிறுத்துச்சி,” என்றாள் பென்னலூர் பெண்கள் விடுதி வார்டன் காந்திமதி. “கல்லுப்பும் சீரகமும் போட்டு மூணு சொம்பு குடுத்தேன்.”

“அதான் குடுக்கக் குடுக்க வெளிய வந்துச்சே!” சமையற்காரி தாயாரம்மாள் விடவில்லை. “நான் உச்சந்தலைல எண்ணெய வச்சி ஜெபம் பண்ணேன். ஆமென் சொல்லி வாய மூடல, வாந்தி நின்னுச்சி.”

வேன் ஓட்டும் ஜோயல் வாசலில் இருந்தபடியே கத்தினான். “யக்கா, இஞ்சி சோடா வாங்கியாந்தது யாரு? ஊத்துன அஞ்சாவது நிமிசம் கண்ணத் தொறந்துச்சா இல்லியா?”

நடுவில், சுவரில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள் சுகப்பிரியா. காலை ஏழு மணிக்குத் தொடங்கிய வாந்தியும் கறுப்புக் கறுப்பாய்ப் போன வயிறும் பன்னிரண்டு மணிக்கு அடங்கியிருந்தன.

காருக்கு வயர் கட்டும் லைனில் வேலை அவளுக்கு. உடம்பில் ரத்தம் குறைவு என்று கம்பெனி முகாமில் நாற்பத்தைந்து இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, தினம் ஒன்று போடச் சொல்லியிருந்தார்கள். வயிற்றைக் கட்டுகிறது என்று அவள் தொடவே இல்லை.

நாளைக்கு மறு பரிசோதனை. தேறாவிட்டால் வேலை போய்விடும், சங்கரன்கோவில் பஸ் ஏற வேண்டியதுதான். விட்டுப்போன டார்கெட்டை ஓ.டி. போட்டு முடிப்பதுபோல, விடியற்காலையில் அத்தனையையும் ஒரே மூச்சில் விழுங்கித் தீர்த்துவிட்டாள்.

“சத்து மாத்திரதானே! எலி மருந்தா துன்னுட்டா?” என்று காந்திமதி சிரித்தாள்.

சுகப்பிரியாவும் சிரித்தாள். “நாளைக்கு டெஸ்டுல தேறிருவேம்லாக்கா?”

“நாப்பத்தஞ்சு போட்டுக்கினு தேறாம? மிஷினே பயந்துக்கும் போ.”

“எக்கா, அந்த ஃபேன கொஞ்சம் நிறுத்துதியளா? குளுருது.”

வெளியே சித்திரை வெயில் தகரக் கூரையை வறுத்துக்கொண்டிருந்தது.

நாலு மணிக்குக் கம்பெனி நர்ஸ் இளம்பரிதி வந்தார். மூவரும் வழக்கை அவர் முன்னால் வைத்தார்கள். அவர் காலி மாத்திரை அட்டைகளை எண்ணினார். பிறகு சுகப்பிரியாவின் மணிக்கட்டைப் பிடித்தவர் வெகுநேரம் விடவில்லை.

“ஆம்புலன்ஸுக்குச் சொல்லலியா?”

“பன்னெண்டரைக்கே வந்துச்சி சார். பொண்ணு எழுந்து குந்திக்கினு கீது, நீங்க கெளம்புங்கன்னு நான்தான் திருப்பி அனுப்ச்சிட்டேன்,” என்றான் ஜோயல், பெருமையாக.

இளம்பரிதி போனை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். காந்திமதி பின்னாலேயே போனாள். “அத்த வுடுங்க சார். மூணுல யாரு வைத்தியம்? அத்தச் சொல்லிட்டுப் போங்க.”

அவர் போனைக் காதில் வைத்தபடி, உள்ளே கேட்காத குரலில் சொன்னார்:

“யாருதும் இல்லம்மா. இரும்பு வெஷம்னா வாந்தி தானா நின்னுடும்; அதுக்கு அப்புறந்தான் ஈரல் போவும்.”