ஆறாவது கம்பெனி

“என் பேரு அடைக்கலம். வயசு இருபத்தேழு. சிங்கப்பூர்ல இருக்கேன்.”

சொன்னதைப் போன் எழுதியது: எனக்கு அடைக்கலம் வயசு இருபத்தேழு சிங்கப்பூரில் இருக்கேன்.

அழித்தான்.

விளம்பரத் துணிக்குப் பின்னால், அது சாயாமலிருக்க வைத்த மணல் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான். முன்பக்கம் முழுக்க ஒரே பெயர், வரிசை வரிசையாக. விருந்தினர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ஒரு பெயரைத் தலை மறைத்தால் பக்கத்தில் இன்னொன்று தெரியும். அப்படித்தான் அச்சடிப்பார்கள்.

கட்டியது அவன்.

அக்கா அனுப்பிய குரல் செய்தியை மறுபடி ஓட்டினான்.

“டேய், ஆலங்குடியில பொண்ணு வீட்டுக்காரக ஒரு மாதிரி பேசுறாகடா. நீ அனுப்புன அஞ்சு போட்டோவுலயும் அஞ்சு கம்பெனி பேராம். ஒண்ணுல பேங்க்கு. ஒண்ணுல லிஃப்ட்டு. ஒண்ணுல பூனைக்குத் தீனி. ‘பையன் ஒரு எடத்துல நிக்க மாட்டானா’ன்னு அந்தப் புள்ளையோட மாமா கேக்குறாரு. பூனைத் தீனியில உனக்கு என்னடா உத்தியோகம், தின்னு பாக்குறதா? இன்னைக்கு புதன். பன்னெண்டுக்கு ராகு காலம். அதுக்குள்ள முடிவு சொல்லிருவாகளாம். பேசி அனுப்பாத, எழுத்தா அனுப்பு. அங்க எல்லாரும் படிக்கணும். பொண்ணும் படிக்கும்.”

பொண்ணும் படிக்கும்.

அவளோடு ஒரே ஒரு முறை பேசியிருக்கிறான், நான்கு நிமிடம். “உங்களுக்கு என்னைக்கு லீவு?” என்று அவள் கேட்டாள். அவனிடம் அதை இதுவரை யாரும் கேட்டதில்லை.

இங்கே மணி இரண்டு. ஊரில் பதினொன்றரை.

போனை வாயருகே கொண்டுபோனான்.

“நான் கம்பெனி மாறல. மூணு வருசமா ஒரே கம்பெனி. மத்த கம்பெனிக விழா நடத்துவாக. அங்க போயி இந்தத் துணியக் கட்டுறது, முடிஞ்சதும் அவுக்குறது. அதான் என் வேலை. பின்னாடி தெரியுறது அவுக லோகோ.”

பின்னாடி தெரியுறது அவுக லோகு.

“லோகு இல்ல. லோகோ.”

லோகு இல்ல லோகு.

பல்லைக் கடித்தான். லோகு யார் என்று ஆலங்குடியில் அடுத்த விசாரணை தொடங்கும். அழித்துவிட்டு, ‘அவுக கம்பெனிப் பேரு’ என்று சொன்னான். அது மட்டும் ஒழுங்காக விழுந்தது.

“தம்பி!”

போட்டோகிராபர். சீனர். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அது.

எழுந்து போனான். ஒளிரும் மேலங்கியைக் கழற்றும்படி சைகை செய்தார். விருந்தினர் வரும்முன் வெளிச்சம் சரியா என்று பார்க்க ஓர் ஆள் நிற்க வேண்டும். எப்போதும் இவன்தான். எடுத்த படத்தை அவரே அவன் போனுக்கு அனுப்பியும் விடுவார்.

தங்கும் அறையில் எடுத்தால் முகம் கறுத்து விழும். பின்னால் இரட்டைக் கட்டிலும் யாருடைய லுங்கியோ காய்வதும் தெரியும். இந்த வெளிச்சத்தில் அவன் பார்க்க நன்றாக இருந்தான்.

அதனால்தான் ஐந்தையும் ஊருக்கு அனுப்பினான். வேறு காரணம் ஒன்றுமில்லை.

நின்றான். சிரிக்கச் சைகை காட்டினார். சிரித்தான்.

படம் வந்தது. அவனைச் சுற்றி முப்பது இடத்தில், வழுக்கைத் தலைக்கு முடி நடும் மருத்துவமனையின் பெயர்.

இதை அனுப்பினால் கல்யாணப் பேச்சு அத்தோடு சரி.

திரும்பப் பின்பக்கம் வந்தான். நிமிர்ந்து பார்த்தான். துணியின் பின்புறம் வெறும் வெள்ளை. பெயர் இல்லை. எழுத்தில்லை. மூன்று வருடமாகக் கட்டி அவிழ்க்கிறான், இந்தப் பக்கம் நின்று ஒரு படம் எடுக்கலாம் என்று தோன்றியதே இல்லை.

போனைத் தூக்கிப் பிடித்தான். தலைமுடியைக் கையால் ஒதுக்கினான். பொத்தானைத் தொட்டான்.

அதே நொடியில் முன்னால் பெரிய விளக்கைப் போட்டார்கள்.

துணியின் ஊடே எல்லா எழுத்தும் இடவலம் மாறித் தெரிந்தது. செல்ஃபி அதையும் திருப்பி நேராக்கி வைத்திருந்தது. தெளிவாக வாசிக்கலாம்.

“சை!”

“தம்பி?” என்றது துணிக்கு அந்தப் பக்கம்.

“ஓகே, ஓகே!” என்று கத்தினான்.

இரண்டு இருபது. மேற்பார்வையாளர் வாசல் கயிற்றைக் கட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தார். அவன் துணியோடு ஒட்டிக் குனிந்தான்.

எடுத்த செல்ஃபியையே சேர்த்தான். ஏற்கெனவே சொன்னதன் கீழே மறுபடி பேசினான். இப்போது மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக.

“இது முடி ஆஸ்பத்திரி. நான் அங்க வேலையும் பாக்கல, வைத்தியமும் பாக்கல. முடி என்னோடதுதான். நாளைக்கு வேற பேரு வரும். அடுத்த வாரம் இன்னொண்ணு வரும். அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?”

நிறுத்தினான். கோபமாகக் கேட்குமோ? எழுத்தில் கோபம் தெரியுமோ, தெரியாதோ.

பழைய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். பேங்க். லிஃப்ட். பூனை. திரும்பவும் முதலிலிருந்து பார்த்தான். இந்த முறை கொஞ்சம் நேரம் எடுத்தது.

போனை உதட்டோடு ஒட்டி வைத்தான்.

“ஆறு போட்டோவுலயும் சட்டை ஒண்ணுதான், எங்க கம்பெனி குடுத்தது. மேலேருந்து ரெண்டாவது பட்டன் மட்டும் வேற கலரு. அறுந்துபோச்சு, நானே தச்சேன். இதைப் படிக்கிறது யாரா இருந்தாலும், தயவுசெஞ்சு அந்தப் பட்டனைக் கொஞ்சம் பெருசு பண்ணிப் பாருங்க.”