வசனத்தாளில் இல்லாதது

வசனத்தாளில் அவளுக்கு ஒரே ஒரு சொல்தான் இருந்தது.

‘அழுகிறாள்.’

ஆனால் திரையில் அந்தப் பெண் அழவில்லை. பேசினாள். செத்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு எதையோ சொல்லிக்கொண்டேயிருந்தாள்.

பழைய கௌபாய் படம். ஏதோ ஒரு டிவிக்காகத் தமிழில் டப்பிங் நடக்கிறது. வெள்ளைக்காரர்களுக்குப் பக்கம் பக்கமாக வசனம். ஒருவன் தன் குதிரையிடம் பேசுவதற்குக்கூட நாலு வரி. செவ்விந்தியர்களுக்கு அலறல் மட்டும்.

காலையிலிருந்து இவள் பதினேழு முறை அலறியிருந்தாள். பதினேழு பேராகச் செத்திருந்தாள். கூட்டக் குரல் கொடுப்பவளுக்கு இதுதான் பிழைப்பு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சவுண்ட் இன்ஜினியர் எட்வினின் குரல் வந்தது.

“அக்கா, அந்தம்மா அவங்க பாஷைல ஏதோ பேசுது. வாய் அசையுதுல்ல, சும்மா அழுதா ஒட்டாது. எதையாச்சும் உளறி விடுங்க. தமிழ் மட்டும் வந்துடக் கூடாது.”

அவள் திரையில் இருந்த முகத்தைப் பார்த்தாள். அதுவும் செவ்விந்தியப் பெண் இல்லை. வெள்ளைக்காரி. முகத்தில் அப்பிய பழுப்புச் சாயம் காதுக்குப் பின்னால் தீர்ந்துபோயிருந்தது. அவளும் அன்றைக்குப் படப்பிடிப்பில் எதையோ உளறியிருப்பாள்.

மடியிலிருந்து பிள்ளையின் ஒரு கால் தொங்கியது.

சிவப்பு விளக்கு எரிந்தது.

உளறத்தான் வாயைத் திறந்தாள்.

வந்தது வாக்ரிபோலி.

அம்மா ஊசிமணி விற்றுக்கொண்டே அவளோடு பேசிய பாஷை. கல்யாணத்தோடு விட்டது. அவள் நரிக்குறவர் வீட்டுப் பெண் என்று இந்த ஸ்டூடியோவில் யாருக்கும் தெரியாது. புருஷன் வீட்டில் பாதிப் பேருக்குத் தெரியாது.

மூன்று வருடத்துக்கு முன்பு, ஆஸ்பத்திரி வராந்தாவில், ஆறு வயது மகளை இப்படித்தான் மடியில் வைத்திருந்தாள். சுற்றிலும் புருஷன் வீட்டுச் சனம். நாக்கு வரை வந்ததை விழுங்கிவிட்டுத் தமிழில் அழுதாள். ஒரு வார்த்தை பிசகாமல் அழுதாள்.

விழுங்கியது இப்போது வந்தது.

பசிக்கிறதா என்று கேட்டாள். குளிருகிறதா என்று கேட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். உன்னிடம் ஒருநாள்கூட இப்படிப் பேசவில்லையே என்றாள்.

திரையில் அந்தப் பெண்ணின் வாய் மூடியது. இவள் வாயும் அதே நொடியில் மூடியது.

விளக்கு அணைந்தது.

இது என்ன பாஷை என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. கேட்க மாட்டார்களா என்றும் இருந்தது.

“பின்னிட்டீங்கக்கா! ஒரு எழவும் புரியல. அதான் வேணும்.”

எட்வின் அதை ஒருமுறை ஓட்டிக் கேட்டான்.

“நடுவுல ஒரே ஒரு எடம்க்கா. எழிலரசின்னு பேரு மாதிரி விழுது. செவ்விந்தியப் புள்ளைக்கு எவன்க்கா எழிலரசின்னு பேரு வைப்பான்? அத மட்டும் விட்டுட்டு இன்னொரு டேக் போயிடலாம்.”

அவள்தான் வைத்தாள். மகளைப் பார்த்து யாருக்கும் எந்தச் சந்தேகமும் வந்துவிடக் கூடாதென்று புத்தகத்தில் தேடி வைத்த நல்ல தமிழ்ப் பெயர்.

“சரிப்பா” என்றாள்.

காட்சி பின்னோக்கி ஓடியது. பிள்ளை மடியிலிருந்து இறங்கியது. எழுந்து நின்றது. குண்டு துப்பாக்கிக்குள் திரும்பிப் போனது. பிள்ளை பின்பக்கமாகவே நடந்து கூடாரத்துக்குள் போய்ச் சேர்ந்தது.

அங்கே ஒரு கணம் நின்றது.

மறுபடி முன்னால் ஓடத் தொடங்கியது.

சிவப்பு விளக்கு.

பசிக்கிறதா என்று கேட்டாள்.

குளிருகிறதா என்று கேட்டாள்.

பெயர் விழுந்த அந்த இடம் வந்தது.

திரையில் அந்தப் பெண்ணின் உதடுகள் அசைந்தன.