பின்னால் ஒரு தம்பூரா

பாடகர் சிங்காரவேலரின் மனைவிக்கு இதய அறுவைச் சிகிச்சை. அதற்காகப் பாடகர்கள் கூடி நடத்திய நிதிக் கச்சேரிக்கு சிங்காரவேலர் யாரும் அழைக்காமலே வந்து மேடையேறினார். பாடவிருந்த மாசிலாமணி பதறி எழுந்தான்.

“அண்ணே, முன்வரிசையில ஒக்காருங்க. உங்களுக்காகத்தானே பாடுறோம்.”

“சும்மா ஒக்காந்து கைநீட்டுற வழக்கம் எங்க வீட்டுல இல்லப்பா. அந்தத் தம்பூராவை இப்படிக் குடு.”

எவருக்குப் பின்னாலும் உட்கார்ந்தறியாதவர் மாசிலாமணிக்குப் பின்னால் அமர்ந்து, கண்ணை மூடித் தந்தியை மீட்டினார். ஆலாபனை உச்சத்தைத் தொடும் நேரத்தில் மாசிலாமணி நிறுத்தி, மைக்கை அவர் பக்கம் திருப்பி வைத்தான். வயலின்காரர் வில்லைத் தாழ்த்தினார். கூடத்தில் தம்பூரா மட்டும் ஒலித்தது. சிங்காரவேலர் கண்ணைத் திறக்கவில்லை. விரல் மட்டும் தந்தியை விடாமல் மீட்டிக்கொண்டிருந்தது.